மாத்திரையா, பேச்சா, நடையா, கோயிலா? மனசு சரியில்லாதபோது எதை முதலில் எடுப்பது

"ஒரு மாசமா மனசே சரியில்லை. எதுலயும் பிடிப்பு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது." வீட்டில் ஒருவர் இப்படி வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நல்ல டாக்டராகப் பார்த்து மாத்திரை வாங்கு என்பார் ஒருவர். மாத்திரை பக்கமே போகாதே, பழகிவிடும் என்பார் இன்னொருவர். குணசீலம் கோயிலுக்குப் போய் வா, யோகா வகுப்பில் சேர், கவுன்சலிங் போ, வயசாகிறது கல்யாணத்தைப் பண்ணி வை. சொல்கிற எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஆனால் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தெம்பு பாதிக்கப்பட்டவருக்கு அப்போது இருக்காது. முடிவெடுக்க முடியாமல் போவதே மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. அதனால் இந்த ஒப்பீட்டைக் கூட இருக்கிறவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு சிகிச்சையும் உடம்பை அசைப்பதும் முதலில் வரலாம். கடுமையாக இருந்தால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. கோயிலும் தர்காவும் தேவாலயமும் கூடவே வரட்டும், ஆனால் அவற்றுக்காக எந்தச் சிகிச்சையையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

எவ்வளவு கடுமை?

எந்த வழியில் போவது என்பது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா, தூக்கம் எப்படி, அசதி உண்டா, பசி எப்படி, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு வந்ததா, கவனம் நிற்கிறதா, பேச்சும் நடையும் மந்தமானதா அல்லது இருப்புக்கொள்ளாமல் தவித்தீர்களா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் 0 முதல் 27 வரை வரும். 5 முதல் 9 வரை லேசு, 10 முதல் 14 வரை நடுத்தரம். 15-ஐத் தொட்டால் கடுமையின் பக்கம் போகிறோம், 20-ஐத் தொட்டால் நிச்சயம் கடுமை.

இதை வைத்து நோய் இன்னது என்று முடிவுகட்ட முடியாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் "கொஞ்சம் டல்லா இருக்கேன்" என்று சொல்கிறவருக்கு 18 வருவதும், "என்னால முடியவே முடியல" என்பவருக்கு 8 வருவதும் நடக்கிறதுதான். வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரு அளவு கையில் இருப்பது நல்லது. தேதி போட்டு அந்தத் தாளை எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியது, தனி ரகம். அதற்கு 1 போட்டிருந்தால்கூட மொத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டவரிடம் மனசைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். வயலுக்கு அடிக்கிற மருந்து, எலி மருந்து, மிச்சமிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டி வைக்கும் முறையை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு சோதித்துப் பார்த்தது இதற்காகத்தான். அந்த உச்சநேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தாளில் அகப்படாத சில விஷயங்களும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்றால் அது வேறு நோய். கவுன்சலிங், யோகா என்று அலையாமல் நேரே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தில் திரிந்து, தாறுமாறாகச் செலவு செய்து, படபடவென்று பேசிய காலம் இருந்ததா? இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது மறுபடியும் அந்த உச்சத்துக்குத் தூக்கிப் போட்டுவிடக்கூடும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய தகவல் இது.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே அசதியும் மந்தமும் வரும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை நினைத்தால் இதை விட்டுவிட்டு மேலே போவது சரியில்லை. வீட்டில் குடிப்பவர் என்றால் குடியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தினமும் குடித்துக்கொண்டே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதில் பலன் குறைவு.

மாத்திரை

"பழகிவிடும்" என்ற பயம்தான் மாத்திரைக்கு முதல் எதிரி. இந்தப் பயத்துக்குக் காரணம் இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரு வகை. போட்ட அரைமணி ஒருமணி நேரத்தில் படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். இவைதான் பழகுபவை. சில வாரங்களுக்கு மேல் தினமும் போட்டால் அதே பலனுக்கு அளவு கூடும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸடீன் போன்றவை இன்னொரு வகை. இவைதான் மனச்சோர்வுக்கான மாத்திரைகள். போதை தராது, இன்னும் வேண்டும் என்ற வெறி வராது. ஆனால் இவற்றையும் திடீரென்று நிறுத்தினால் தலை கிறுகிறுக்கும், சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடித்தது போல ஒரு வெட்டு வரும். அதனால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது எதிரி பொறுமையின்மை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் தெரிவது பக்கவிளைவுதான்: குமட்டல், வயிறு சரியில்லாமை, தலைவலி, சிலருக்குப் படபடப்பு கூடுவது. மூன்றாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் போய்விடும் என்று மாத்திரை கொடுக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பார்கள். தாம்பத்திய ஈடுபாடு குறைவது மட்டும் சிலருக்கு மாத்திரை உள்ளவரை நீடிக்கலாம். வெட்கப்படாமல் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். மருந்து அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டிய அளவுக்கு அது முக்கியமான எச்சரிக்கை.

பலன் எவ்வளவு? 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தரவை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பரிசோதித்த 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேல் என்று கண்டது. ஆனால் எல்லோருக்கும் முதல் மாத்திரையே கேட்டுவிடாது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்தில் முழுக்கத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு மருந்தை மாற்றவோ இன்னொன்றைச் சேர்க்கவோ வேண்டியிருந்தது. "ஒரு டாக்டர்ட்ட பார்த்தோம், கேக்கல" என்று அத்தோடு விட்டுவிடுவது பாதி வழியில் இறங்கிவிடுவது போலத்தான். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

எங்கே போவது என்பதில் தமிழ்நாட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். ஓபி சீட்டு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து கவுன்டரில் மாத்திரையை வாங்கிக்கொண்டு வரலாம். காசு கிடையாது. குறை என்னவென்றால் நேரம்தான். கூட்டம் அதிகமான நாளில் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அதனால் சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, சாவு நினைப்பு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. பி.எச்.கியூ-9 எண்ணையும் அதில் எழுதிவிடுங்கள். அந்தச் சில நிமிடத்துக்கு இது பெரிய உதவி. தனியார் மருத்துவரிடம் நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் மாதாமாதம் கட்டணமும் மருந்துச் செலவும் தாங்குமா என்று யோசித்துத் தொடங்குங்கள். மூன்றாவது மாதத்தில் பணம் இல்லாமல் நிறுத்துவதைவிட முதலிலிருந்தே அரசு மருத்துவமனையில் தொடர்வது நல்லது. மக்கள் மருந்தகங்களில் இதே மருந்துகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன.

"மனநல டாக்டர்" என்ற பலகைக்குக் கூசி "நரம்பு டாக்டர்" என்று போகிறவர்கள் உண்டு. நரம்பியல் மருத்துவர் பார்ப்பது வலிப்பு, பக்கவாதம், தலைவலி போன்றவற்றை. அவரும் கடைசியில் மனநல மருத்துவரிடம்தான் அனுப்புவார், இடையில் ஒரு ஸ்கேன் செலவு வேறு. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிற நம் பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1794-இல் தொடங்கிய, அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையின் வழியாகத் தேறி வீடு திரும்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அதன் முதல் பெண் தலைவராக இருந்த சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளுக்காகக் கடைசிவரை உழைத்தவர். அந்த ஊர்ப்பெயரைச் சொல்லும்போது நினைவுக்கு வர வேண்டியது இப்படிப்பட்டவர்கள்.

பேச்சு

பேச்சு சிகிச்சை என்றவுடன் "அறிவுரைதானே, அதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவுரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "மனசைத் தளரவிடாதே, தைரியமா இரு" என்று ஊரே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, பலன் இருந்தால் எப்போதோ தேறியிருப்பார்.

கோவாவில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்தது. மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேலின் குழுவும் சங்காத் அமைப்பும், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மிதமான கடுமை முதல் கடுமையான மனச்சோர்வு வரை உள்ள 495 பேரைச் சோதனையில் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு, அந்த உள்ளூர்க்காரர்கள் தந்த பேச்சு சிகிச்சை ஆறிலிருந்து எட்டு முறை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், பேச்சு சிகிச்சை கிடைக்காதவர்களில் 39 சதவீதம். 2017-இல் லான்செட்டில் வந்தது. பெரிய படிப்பு படித்தவரிடம்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்தை இது மாற்றுகிறது.

அந்தச் சிகிச்சையின் மையம் மிக எளிமையானது. மனச்சோர்வில் ஒருவர் வழக்கமாகச் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். விட்டதால் மனசுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன நிறைவுகள் நின்றுபோகின்றன, நின்றதால் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் விட்டுவிடுதல். மனசு சரியாகட்டும், அப்புறம் செய்வோம் என்று காத்திருந்தால் அந்தச் சுழல் நிற்காது. அதனால் மனசு வராவிட்டாலும் சின்னதாக ஒன்றைச் செய்யத் தொடங்கி, அதன் பிறகு மனசு எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்க்கிறார்கள்.

என் அத்தைக்கு மாமா இறந்த பிறகு இப்படி ஆனது. தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கவுன்சலர் ஒரு தாள் கொடுத்தார். இடது பக்கம் நேரம், நடுவில் என்ன செய்தேன், வலது பக்கம் மனசு 0 முதல் 10-க்குள் எவ்வளவு. முதல் வாரத் தாளில் "படுத்திருந்தேன், 1", "படுத்திருந்தேன், 1", "டிவி, 2" என்றே வரிவரியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பாவாடை அளவு எடுத்தேன், 4." கவுன்சலர் அந்த ஒரு வரியைச் சுற்றிக் கோடு போட்டார். அடுத்த வாரத்துக்கான வேலை அதிலிருந்தே வந்தது: மிஷின் மேல் இருக்கும் துணியை எடுத்து எண்ணெய் விடுவது மட்டும். தைக்க வேண்டாம். அதற்கடுத்த வாரம் ஒரு பாவாடை. "மனசைத் தேத்திக்கோங்க அத்தை" என்று நாங்கள் எல்லோரும் சொன்னது செய்யாததை அந்தத் தாள் செய்தது.

பதற்றத்துக்கு, குறிப்பாகத் திடீர் திடீரென்று நெஞ்சு அடைத்து, வியர்த்து, செத்துவிடுவோமோ என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை என்று வருகிறதே, அதற்குப் பேச்சு சிகிச்சையில் மிக நல்ல பலன் உண்டு. பயந்து ஒதுங்குகிற இடத்துக்கும் சூழலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகப் பழக்குவார்கள். பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறவர் முதலில் நிறுத்தத்தில் நின்றுவிட்டு வருவார், பிறகு ஒரு ஸ்டாப் போவார். குளோனசிபாம் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஏறிவிடலாம்தான், ஆனால் மாத்திரை இல்லாமல் ஏற முடியாது என்றாகிவிடும். பதற்றத்துக்கு இந்த இரண்டில் எது என்று கேட்டால் தயங்காமல் பேச்சு சிகிச்சை என்பேன்.

குறைகளும் உண்டு. முதலாவது, ஆள் கிடைப்பது. சென்னை, கோவை, மதுரையில் கிடைப்பார்கள், தாலுகா ஊர்களில் கஷ்டம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் உளவியலாளர் இருந்தால் இலவசம், கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் ஒரு அமர்வுக்கு முந்நூறு நானூறிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல்வரை ஊருக்கு ஊர் மாறும். ஆறு எட்டு அமர்வுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இரண்டாவது, யார் வேண்டுமானாலும் "கவுன்சலர்" என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதல் சந்திப்பிலேயே எத்தனை அமர்வு ஆகும், என்ன முறை, தேறியதை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தொடருங்கள். ஜாதகம் கேட்கிறவர், "ஒரே சிட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்கிறவர், மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

நடை, யோகா, தியானம்

இவற்றை "சும்மா ஒரு கூடுதல்" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, இதுவே எல்லாவற்றையும் தீர்க்கும் என்பவர்களும் உண்டு. சான்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2024-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசை வலுப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தன. பயிற்சியின் தீவிரம் கூடக்கூடப் பலனும் கூடியது. அதற்கும் முன்பே, 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 156 பேரை வைத்து நடந்த ஆய்வில், 16 வாரம் உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். மாத்திரை சற்று வேகமாகப் பலன் தந்தது, முடிவில் இரண்டும் ஒன்றுதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று: அந்த ஆய்வில் மேற்பார்வையாளரோடு, குழுவாக, வாரத்துக்கு மூன்று முறை செய்தார்கள். "தினமும் வாக்கிங் போ" என்று சொல்லிவிட்டு நாம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மனச்சோர்வில் இருப்பவர் வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். கூடப் போக ஆள் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் செருப்போடு நிற்கிற ஒரு தம்பி, ஒரு மகள், ஒரு பக்கத்து வீட்டு அக்கா. அப்படி ஆள் இருக்கிறது என்றால் லேசான மனச்சோர்வுக்கு இதை முதலில் எடுப்பேன். செலவே இல்லை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்துப் பலன். ஆள் இல்லை என்றால் முதல் தேர்வாக வைக்க மாட்டேன்.

தியானத்தைப் பொறுத்தவரை, 2022-இல் வெளியான ஒரு சோதனையில் எட்டு வார மனநிறை (மைண்ட்ஃபுல்னஸ்) தியான வகுப்பு, பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமுக்குக் குறையாத பலனைத் தந்தது. அதுவும் வாராவாரம் ஆசிரியரோடு நடந்த வகுப்பு, வீட்டுப் பயிற்சி வேறு. குரல் கேட்பவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் பல நாள் மௌன முகாம்களுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிலருக்கு அங்கே நோய் கிளறிவிடுகிறது. அமுக்கரா சூரணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிகிறது, அவ்வளவுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயில், தர்கா

இதைக் கேலி செய்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு மனநலம் வேண்டி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபட எத்தனையோ தலைமுறையாக ஜனங்கள் வருகிறார்கள். வீட்டில் "பைத்தியம்" என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு அங்கே நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், கூடவே உறவினர், திட்டாத மனிதர்கள். 2002-இல் பிஎம்ஜே இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைக் கவனித்தது. பெரும்பாலும் தீவிர மனநோய் உள்ளவர்கள். மருந்தில்லாமலேயே சில வாரத்தில் அவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு, அதனால் இதற்குமேல் அதிலிருந்து இழுக்கக் கூடாது. ஆனால் ஆதரவான இடத்துக்கு ஒரு பலம் இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

மறுபக்கம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவின் நம்பிக்கையால் நேர்ந்ததல்ல அது. அந்த நம்பிக்கையைச் சுற்றிக் காசுக்கு நடந்த "இல்லங்கள்"தான் காரணம். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த இடத்திலும் தடைசெய்கிறது. இன்றைக்கு ஏர்வாடியிலேயே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள், துஆவும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

ஆகவே என் அளவுகோல் மூன்றே கேள்வி. கட்டிப்போடுகிறார்களா, அடிக்கிறார்களா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? பெரிய தொகை கேட்கிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த இடம் வேண்டாம். மூன்றுக்கும் இல்லை என்றால், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போய் மனசார வேண்டிவிட்டு வரட்டும்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால்

14416, டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய தேசியச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926. தொலைபேசி உதவியைச் சிகிச்சைக்குப் பதிலாக வைக்க முடியாது, ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறவருக்கு இதைவிட எளிதான முதல் படி இல்லை. போன் ஆப்களைப் பொறுத்தவரை, தூக்க நேரம் குறிக்கவும் மூச்சுப் பயிற்சிக்கும் சரி. சாவு நினைப்பு உள்ள ஒருவரை ஆப்பின் பொறுப்பில் விடக் கூடாது.

சேர்த்து எடுப்பது

நடைமுறையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல்தான் தேவைப்படும். நடுத்தரத்தையும் கடுமையையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரையும் பேச்சும் சேர்ந்தது தனித்தனியாக எடுப்பதைவிட மேல். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடுமை குறைவான மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பினால் தவிர, மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அங்கே பேச்சு சிகிச்சைக்கு ஆள் இருக்கிறார்கள். நம் ஊரில் அறுபது கிலோமீட்டர் போனால்தான் உளவியலாளர், ஆனால் தாலுகா மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கிறது என்றால், நடுத்தரத்துக்கே மாத்திரையில் தொடங்குவதில் தவறில்லை. கூடவே அந்த நேரம்-செயல்-மனசு தாளை வீட்டிலேயே எழுதலாம்.

குழந்தை பெற்ற பெண்ணுக்கு வரும் சோர்வைத் "தாய்வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்று விடக் கூடாது. பால் கொடுக்கும்போது கொடுக்கத்தக்க மருந்துகள் உண்டு, செர்ட்ராலின் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணம் வருகிறது, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்பதால் தூக்கம் போனவருக்கு மாத்திரை தூக்கத்தைத் தரலாம், கடனுக்கு ஒரு வழி பேசாமல் மனசு முழுசாகத் தேறாது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு இருக்கிறவரைக் கவுன்சலிங்குக்கு மட்டும் அனுப்பிவிட்டு அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதை நான் சிகிச்சை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு 181 பெண்கள் உதவி எண்ணும், தங்க ஒரு பாதுகாப்பான இடமும் முதலில் வேண்டும்.

எந்த வழியைத் தொடங்கினாலும், ஆறு வாரம் கழித்து அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்புங்கள். 18 இருந்தது 9-க்கு வந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். 18 இருந்தது 16 என்றால் மருத்துவரிடம் இரண்டு தாளையும் காட்டி, அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, பேச்சு சிகிச்சையைச் சேர்ப்பதா என்று கேளுங்கள். நடையை மட்டும் நம்பியிருந்தவருக்கு எண் கூடியிருந்தால் அடுத்த ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே ஓபி சீட்டு போடுங்கள்.